ஒன்றுக்கு ஐம்பது

தொண்டியில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார்:
"மடியில என்ன சார், கேக்கா?"
கப்பல் என்றேன்.
லக்கேஜா அரை டிக்கெட்டா என்று
தேவிபட்டினம் வரை யோசித்தவர்
ஜன்னலோர சீட்டைக் காட்டினார்:
"கப்பலுக்குக் காத்து வேணும்ல."

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு,
உச்சிப்புளியில் சண்முகக்கனியின் மாவுமில்.
பெல்ட் கழற்றிய மெஷின் மேல் சாக்கு விரித்து
கேப்பை வாசத்துக்கு நடுவே
நாலு பேரும் அட்டைப்பெட்டி திறக்கிறோம்.

அளவு, ஒன்றுக்கு ஐம்பது.
அந்தக் கணக்கில் நான்
மூணரை சென்டிகூட இல்லை.

சட்டம் ஒன்றே ஒன்று:
பாராட்டக் கூடாது. பிழை சொல்ல வேண்டும்.

கீழக்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நெய்னா
கட்டுவது எண்ணெய்க் கப்பல்.
முழுசாகக் கட்டினால் ஐந்து மீட்டர்,
மில் கதவுக்குள் நுழையாது.
ஆகவே பின்பகுதி மட்டும்,
தம்பி சமைக்கிற அடுப்படியோடு.
"ஜன்னல் வச்சீங்க, புகை எங்க போகும்?"
என்று கேட்டுவிட்டாள் சண்முகக்கனி.
ஒரு மாதம் தூங்கவில்லை மனுஷன்.

என் தோணியின் மூன்றாம் பலகையில்
அரை மில்லி இடைவெளி.
"கடல்ல அது ரெண்டரை சென்டி" என்றார் கிளாரன்ஸ்,
"விடியறதுக்குள்ள உள்ள போயிருவீங்க."

சண்முகக்கனியின் வத்தையில்
கொசுவலையை டீத்தண்ணியில் ஊறவைத்த வலை.
கயிற்று முடிச்செல்லாம் முடிச்சேதான்.
பசை தொட்டு ஏமாற்றினால்
அடுத்தவர் படகிலும் கண்டுபிடித்துவிடுவாள்.

தண்ணீர் மட்டும் அளவுக்குள் வராது.
அரிசி ஊறும் அண்டாவில் மிதக்கவிட்டோம்;
தெறித்த ஒரு துளி
தளத்தில் பூசணிக்காயாய் உட்கார்ந்தது.
மரத்தைச் சுருக்கலாம், ஆணியைச் சுருக்கலாம்.

கிளாரன்ஸ் தங்கச்சிமடம், ஐஸ் பிளாண்ட்.
அவர் கட்டியது மச்சானின் விசைப்படகு.
அக்கரையில் பிடிபட்டு இரண்டு ஐப்பசி ஆகிறது.
ஆட்கள் வந்துவிட்டார்கள்.
படகு வரவில்லை.

போன வருஷமே முடித்துவிட்டார்.
வின்ச், டீசல் டாங்க், கூரைச் சிலுவை,
ஏறும் இடத்தில் கால் தேய்த்த பள்ளம்கூட.
சுற்றிச்சுற்றிப் பார்த்தோம்,
ஒரு பிழை அகப்படவில்லை.
முதன்முறையாக மில்லில் நாங்கள்
சும்மா உட்கார்ந்திருந்தோம்.

மறுமாதம் கேட்டார்:
"துரு எப்படிப் பிடிக்கும்?"

இப்போது அது எப்படியிருக்கும் என்று
பார்த்தவர் கிடையாது.
எங்கே கட்டியிருக்கிறது என்று தெரியும்,
எந்தப் பக்கம் மாலை வெயில் என்று தெரியும்.
பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரை
வினிகரில் போடச் சொன்னது நான்.
நெய்னா கழிவு டோனர் பொடி கொண்டுவந்தார்.
சண்முகக்கனி தானே முடிந்த நங்கூரக் கயிற்றை
உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துத் தேய்த்து
இத்துப்போக வைத்தாள்.

ஆக, எங்கள் கப்பல்கள் மாதாமாதம்
முடிவைப் பார்த்து நகர,
அவருடையது முடிவிலிருந்து புறப்பட்டது.
ஆவணியில் பெயிண்ட் உரிந்தது.
கார்த்திகையில் ஆணித்தலைகள் அழுதன.

இன்று பெட்டி திறந்தார்.
படகு இடப்பக்கம் சாய்ந்திருந்தது,
தீக்குச்சி முட்டுக் கொடுத்து.
மேலிருந்து கீழ் வரை செம்பழுப்பு.

ராமேஸ்வரம் ரயில் ஒன்று கடந்து போகும் வரை
ஒருவரும் பேசவில்லை.

நெய்னா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மூக்கு உரச உரசப் பார்த்தார்.
"பிழை இருக்கு."

"எங்க?"

"இது அஞ்சு வருஷத் துரு, கிளாரன்ஸ்.
ரெண்டு வருஷத்துக்கு இவ்வளவு வராது."

படகை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.
நெடுநேரம் முதுகுதான் தெரிந்தது.
திரும்பி வந்து,
"ஆமா" என்றார். "பிளேடு இருக்கா?"

சண்முகக்கனி பாதி பிளேடு கொடுத்தாள்.
சுரண்டினார்.
அடியில் பச்சை வந்தது,
மச்சான் கடைசியாய் அடித்த பச்சை.

உதிர்ந்த பொடியை ஊதிவிடப் போனேன்.
கையைப் பிடித்துக்கொண்டார்.
பஸ் டிக்கெட்டில் கூட்டி அள்ளி, மடித்து,
சட்டைப் பையில் வைத்தார்.

"இருக்கட்டும் சார்.
அடுத்த வருஷத்துக்கு ஆகும்."